மரமஞ்சளும் கண்ணாடிக் குடுவையும்

மழை தொடங்கிவிட்டால் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கொத்தமல்லி அவியாத வீடு அரிது. வேர்க்கொம்பைத் தட்டிப் போட்டு அவிக்கும் நம் வழக்கத்தோடு, சிங்களச் சகோதரரின் 'பஸ்பங்குவ'வும் நம் அடுக்களையிற் புகுந்துவிட்டது. ஐந்து பங்கு என்பதே அதன் பொருள். பங்கு என்னும் சொல்லிலே நமக்கும் பங்குண்டு! அந்தப் பொட்டலத்தை அவிழ்த்தால் மஞ்சள் நிறமான மரத்துண்டுகள் சில கிடக்கும். வாயிலிட்டாற் கசக்கும். அதுவே மரமஞ்சள், சிங்களத்தில் வெனிவெல்.

பெயரிலே மஞ்சள் இருப்பினும், இது நாம் கறிக்கு அரைக்கும் மஞ்சளின் இனமன்று. ஈரவலயக் காடுகளிற் பெருமரங்களைப் பற்றி ஏறும் கொடி. அதன் நிறத்துக்கும் கசப்புக்கும் காரணம் பெர்பெரின் என்னும் பொருள். கிருமிகளை அடக்கும் ஆற்றலும், ஒட்சியேற்றத்தாற் கலங்களுக்கு நேரும் கேட்டைத் தடுக்கும் குணமும் அதற்கு உண்டென ஆய்வுகூடப் பரிசோதனைகளிற் கண்டிருக்கிறார்கள். கொடி முதிரப் பல ஆண்டுகள் செல்லும். வெட்டவோ சில நிமிடம் போதும். ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. ஒருபாலை வெட்டி அழித்துவிட்டால் எஞ்சியது விதை தராது. கிடைக்கும் விதையும் எளிதில் முளைப்பதில்லை.

கொடியை வெட்டாமலே மருந்தைப் பெற வழியுண்டா? உண்டு என்கிறது இழைய வளர்ப்பு. செடியின் சிறு துண்டொன்றைக் கிருமி நீக்கி, சீனியும் உப்புக்களும் விற்றமின்களும் வளர்ச்சி ஓமோன்களும் சேர்ந்த ஏகார்க் களியின் மேல் வைக்கிறார்கள். முராசிகே, ஸ்கூக் என்னும் இருவர் 1962இல் வகுத்த கலவையே இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. சில வாரங்களில் வேரும் இலையுமற்ற கலக்கட்டி திரளும். அதைத் திரவத்திலிட்டு ஓயாது குலுக்கினாற் கலங்கள் பிரிந்து பெருகும். ஒரு குடுவையிலிருந்து சிறிதெடுத்து அடுத்ததற்கு இடுவது, நாளைய தயிருக்கு இன்றே உறை எடுத்து வைப்பது போன்றதே. ஆனால் வேண்டாத கிருமியொன்று புகுந்தாற் குடுவை முழுதும் பாழ்.

ஜப்பானில் யமடா, சாட்டோ என்போர் வேறொரு பெர்பெரின் செடியின் கலங்களை இவ்வாறு வளர்த்து, 1981இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டனர். அந்நாட்டு மிட்சுயி நிறுவனம் 1983இல் சிகோனின் என்னும் செந்நிறப் பொருளைத் தொட்டிகளில் வளர்த்த கலங்களிலிருந்து பெற்று விற்பனைக்குக் கொணர்ந்தது; அது உதட்டுச் சாயத்திலும் சேர்ந்தது. நமது மரமஞ்சளையே எடுத்து, அதன் கலங்களிற் பெர்பெரின் உண்டாவதை 1992இற் காட்டியவர்கள் கேரளத்து விஞ்ஞானிகள்.

எனினும் தொட்டி, மின்சாரம், கிருமி நீக்கம் ஆகியவற்றுக்குச் செலவு மிகுதி. விலையுயர்ந்த சாயத்துக்குக் கட்டுப்படியானது மலிவான கஷாயச் சரக்குக்கும் கட்டுப்படியாகுமென்று கொள்வதற்கில்லை. இதே முறையால் முழு நாற்றுக்களையே உண்டாக்கித் தோட்டங்களில் நடுவது நமக்கு அதிகம் உதவுமென்பது என் எண்ணம்.

குடுவையிற் பிறந்தாலும் காட்டிற் பிறந்தாலும் பெர்பெரின் பெர்பெரினே. ஆகையால் தாய்மாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிறந்த சிசுவின் உடலில் அது செங்கண்மாரியை மிகுவித்து மூளைக்கும் கேடு செய்யக்கூடும். கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் வைத்தியரைக் கேளாமல் மரமஞ்சள் சேர்ந்த கஷாயத்தைக் குடிக்கலாகாது. சிசுவுக்குப் புகட்டவே கூடாது. இந்த அச்சத்தினாலேயே சிங்கப்பூர் அரசு 1978இற் பெர்பெரினைத் தடைசெய்தது. அத்தடை நீங்கப் பல ஆண்டுகள் சென்றன.