எங்க விண்கலத்துக்குப் பெண் பிள்ளை தான் கேப்டன்!

லீவு விட்டால் போதும், "பிள்ளைங்க செல்போனை விட மாட்டேங்குது" என்று புலம்பாத தாய்மார்களே இல்லை. போனைப் பிடுங்கி பீரோவில் வைத்தால் மட்டும் போதுமா? பதிலுக்குக் கையில் என்ன கொடுக்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா சகோதரிகளே?

நான் பத்தாவது வரை படித்தவள். வீட்டுத் திண்ணையில் நாலு பிள்ளைகளை வைத்து ஒரு கதை விளையாட்டு நடத்தி வருகிறேன். சென்னையில் வேலை பார்க்கும் என் தம்பி சொன்ன யோசனை இது. அமெரிக்காவில் 1974ல் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்று ஒரு விளையாட்டு வந்ததாம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் கதைக்குள் ஆளாக நின்று, அடுத்து என்ன செய்வது என்று முடிவு சொல்ல வேண்டும். 1977ல் 'டிராவலர்' என்று விண்வெளிக் கதைக்கும் இதே மாதிரி வந்ததாம். அதற்கெல்லாம் தடித்தடி விதிப் புத்தகம் உண்டு. நமக்கு எதற்கு? தாயக்கட்டையும் புளியங்கொட்டையும் போதும். (பண்ருட்டிப் பக்கத்து சகோதரிகள் முந்திரிக்கொட்டையைக் கொடுத்து விடாதீர்கள். தோல் எண்ணெய் பட்டால் பிஞ்சுக் கை புண்ணாகி விடும்.)

ஒருத்தர் கேப்டன், ஒருத்தர் இன்ஜின், ஒருத்தர் டாக்டர், ஒருத்தர் ரேடியோ. 20 புளியங்கொட்டை தான் மொத்தப் பிராணவாயு. ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு கொட்டை போய் விடும். ஆபத்தான காரியம் என்றால் தாயக்கட்டை உருட்ட வேண்டும். 1, 5, 6, 12 விழுந்தால் ஜெயம். இரண்டு கட்டையும் 16 விதமாக விழும். அதில் 6 விதம் தான் ஜெயம். அதனால், காரணத்தோடு யோசனை சொல்பவருக்கு இன்னொரு முறை உருட்ட அனுமதி உண்டு. வெறும் அதிர்ஷ்டத்தை நம்பினால் ஆகாது என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே புரிந்து விடுகிறது.

கதைக்குத் தேவையானதைப் பள்ளிப் புத்தகத்திலும் பேப்பரிலும் பார்த்துக் கொள்கிறேன். நிலவில் நம் எடை ஆறில் ஒரு பங்கு தான். 30 கிலோ பிள்ளை 5 கிலோ தான் இருக்கும். காற்று இல்லாததால் கத்தினாலும் கேட்காது. 2019ல் சந்திரயான்-2ன் லேண்டர் நிலவில் மோதிப் போனது. அதோடு சோர்ந்து விடாமல், 2023 ஆகஸ்ட் 23ல் சந்திரயான்-3ஐ பத்திரமாக இறக்கினார்கள். அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நமக்குப் பக்கத்தில் இருக்கும் விழுப்புரத்துக்காரர். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து மேலே போனவர். சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்டத்தை நடத்தியவர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி என்ற பெண்மணி. லேண்டரைச் சோதித்துப் பார்க்க நாமக்கல் பக்கத்து மண்ணைத் தான் எடுத்துப் போனார்கள் என்றதும், பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பெருமை!

"வயசுக்கு வந்த பொண்ணை ஆம்பளப் பசங்களோட உட்கார வச்சு என்ன விளையாட்டு? ராக்கெட்டு விட்டா சோறு வெந்துடுமா?" என்று எங்கள் தெருவிலேயே கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது தான்.

எங்கள் குழுவில் பத்தாவது முடித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். வாயைத் திறந்தே பேச மாட்டாள். அவளைத் தான் கேப்டனாகப் போட்டேன். ஒரு நாள் கதையில் விண்கலம் நிலவுக்குப் பின்பக்கம் போய் விட்டது. அங்கிருந்து பூமிக்கு ரேடியோ எட்டாது. இன்ஜினும் நின்று விட்டது. கையில் மூன்றே கொட்டை. பையன்கள் ஆளாளுக்குக் கத்த, அவள் மட்டும் மெதுவாக, "எல்லாரும் பேசாம படுத்துக்கங்க. ஓடியாடினா தானே மூச்சு வாங்கும்? இன்ஜின்காரன் மட்டும் வேலை பார்க்கட்டும்" என்றாள். அவ்வளவு தான், நாலு பேரும் திண்ணையில் படுத்து விட்டார்கள்! காரணம் சொன்னதற்காக இரண்டாம் முறை உருட்டியதில் 5 விழுந்து, கப்பல் தப்பியது.

அதே பெண்ணைப் பத்தாவதோடு நிறுத்தி விடலாமா என்று அவள் வீட்டில் பேச்சு நடக்கிறது. மாமா, சித்தப்பா, பக்கத்து வீடு என்று எல்லோரையும் கேட்டாகி விட்டது, அவளைத் தவிர! இது ஒரு வீட்டுக் கதையா? நம்மில் எத்தனை பேரை அப்படிக் கேட்டிருக்கிறார்கள்?

ஒரு விளையாட்டால் படிப்பு வந்து விடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால், நாலு பேர் நடுவில் யோசித்து, காரணம் சொல்லி, 'இது தான் என் முடிவு' என்று பேசும் பழக்கம் வருகிறது. அந்தப் பழக்கத்தை வீட்டுத் திண்ணையில் கூட கொடுக்காமல், கல்யாண வயதில் "நீ என்னம்மா சொல்றே?" என்று கேட்டால் தலையைத் தான் குனிவாள்.

ஒரு மணி நேரம் போதும். பரீட்சை சமயத்தில் வேண்டாம். கப்பல் உடைந்தால் திட்டாதீர்கள். அடுத்த நாள் வேறு கப்பல் கிளம்பட்டும். பையன்கள் இருந்தால் இருக்கட்டும், பெண் பிள்ளை சொல் கேட்டு நடக்க அவர்களும் தான் பழக வேண்டும். ஆனால் முதல் கேப்டன் உங்கள் வீட்டுப் பெண்ணாக இருக்கட்டும்.

- ஓர் இல்லத்தரசி, அண்ணாகிராமம்.