பனியில் இருக்கும் மழைக் கணக்கு

துருவப் பிரதேசத்துப் பனிக்கட்டியைத் துளைத்தெடுத்து ஆராயக் கோடி கோடியாகச் செலவழிக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. குடிதண்ணீர் லாரிக்குக் குடத்துடன் காத்து நிற்கும் மக்கள் உள்ள நாட்டில் இது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பனிக்கட்டி தெரிவிக்கும் சேதிகளைப் பார்த்தால், இந்தச் செலவு வீண் என்று சொல்ல மனம் வராது.

அண்டார்டிகா, கிரீன்லாந்து ஆகியவற்றின் உட்பகுதிகளில் பெய்யும் பனி உருகுவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, அமுங்கிக் கட்டியாகிறது. நீண்ட குழாயை இறக்கி அதை வெட்டியெடுத்தால், ஆழம் போகப் போகப் பழைய காலத்துப் பனி வெளிவரும். அக்காலத்து உஷ்ணநிலையை அதிலிருந்து அறியும் வழியைக் காட்டியவர் டென்மார்க் விஞ்ஞானி வில்லி டான்ஸ்கார்ட். 1952 ஜூனில் கோபன்ஹேகனில் தம் வீட்டுத் தோட்டத்தில் பீர் பாட்டில் ஒன்றில் புனலைச் செருகி மழைநீரைப் பிடித்து ஆராய்ந்தார் அவர். பிராணவாயு அணுக்களில் சாதாரணமானதும் உண்டு, சற்றுக் கனமானதும் உண்டு. மேகம் குளிரக் குளிர, கனமான அணு கொண்ட நீர் முந்திக்கொண்டு விழுந்துவிடுகிறது. மிகுந்த குளிரில் விழும் பனியில் அது குறைவாகவே இருக்கும். இந்தக் குறைவை அளந்தால் அன்றைய குளிர் தெரிந்துவிடும். கருவி இல்லை, நிதி இல்லை என்று சும்மா இருந்துவிடும் நமது கல்லூரிகள் அந்த பீர் பாட்டிலை நினைத்துப் பார்க்கலாம்.

பனியில் வேறு தடயங்களும் உண்டு. 1815-ல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை கக்கிய கந்தகம் இரு துருவங்களிலும் படிந்திருக்கிறது. பெட்ரோலில் கலந்த ஈயம் கிரீன்லாந்துப் பனிவரை போய்ச் சேர்ந்ததை 1960-களில் அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பாட்டர்சன் ஆராய்ந்து காட்டினார்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, கட்டிக்குள் அடைபட்ட காற்றுக் குமிழி. அது அந்தக் காலத்துக் காற்றேதான். அண்டார்டிகாவில் 'டோம் சி' என்ற இடத்தில் ஐரோப்பிய நாடுகள் மூன்று கிலோமீட்டருக்கு மேல் துளைத்து, 8 லட்சம் ஆண்டுகளின் சரித்திரத்தை எடுத்தன. அவ்வளவு காலத்திலும் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்குச் சுமார் 300 பங்கைத் தாண்டியதில்லை. இன்று அது 420-க்கும் மேல். சீதோஷ்ணம் எப்போதும் மாறிக்கொண்டுதானே இருந்தது என்று சமாதானம் சொல்பவர்கள் இந்த எண்ணுக்குப் பதில் சொல்லட்டும்.

துருவப் பனியில் உள்ளது உலகத்துக்குப் பொதுவான கணக்கு. நமது பருவமழையின் கணக்கு இமயத்தில் இருக்கிறது. மழை பொய்த்ததால் ஊரை விட்டு வேலை தேடி வந்த குடும்பங்கள் நம்மில் எத்தனையோ. ஆகவே இது நமக்குத் தொலைதூரத்து விஷயமல்ல. 1997-ல் லானி தாம்ப்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு, இமயத்தின் திபெத் பகுதியில் தசுவோபு பனியாற்றை 7,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் துளைத்தது. 1790-களின் அடுக்குகளில் தூசும் உப்பும் திடீரென ஏறியிருந்தன. தக்காணத்தை அழித்த மண்டையோட்டுப் பஞ்சத்தை ஒட்டிய காலம் அது.

அந்தக் கணக்கு இப்போது அழிந்து வருகிறது. மானசரோவருக்கு அருகேயுள்ள நைமோனாநி பனியாற்றை இதே குழு 2006-ல் துளைத்தபோது, 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகள் விட்டுச்சென்ற கதிரியக்க அடுக்கு அதில் காணப்படவில்லை. மேல்பகுதிப் பனி அடியோடு போய்விட்டது! மேலே உருகும் நீர் கீழே கசிந்தால், மிச்சமுள்ள அடுக்குகளின் தடயங்களும் கலைந்துவிடும்.

நமக்கு அனுபவம் இல்லாமல் இல்லை. 1981-82-ல் முதல் குழு அண்டார்டிகா சென்றது. மைத்ரி, பாரதி ஆகிய தளங்களை அங்கே அமைத்தோம். கோவாவில் துருவ ஆராய்ச்சி மையம் உள்ளது. 2016-ல் ஸ்பிட்டியில் 'ஹிமான்ஷ்' நிலையமும் வந்தது. ஆனால் இமயத்தின் உயர்ந்த பனியாறுகளை வரிசையாகத் துளைத்தெடுக்கும் வேலைக்குத் தவணை சொல்ல இனி நேரமில்லை. எடுப்பதையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. 2017-ல் கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் குளிர்சாதன அறை பழுதாகி, பல்லாயிரம் ஆண்டுப் பனி தண்ணீராகிப் போயிற்று. ஒரு தொகுதி கோவாவில் இருக்கட்டும். மற்றொன்றை அண்டார்டிகாவின் உட்பகுதிப் பனியிலேயே குழி தோண்டி வைக்கலாம். இதற்கான நிதியை மத்திய சர்க்கார் தனியாக ஒதுக்க வேண்டும்.