விமானத்தின் கால்களும் எமது பிள்ளைகளும்

லாசப்பலில் அரிசியும் மரக்கறியும் வாங்கிக்கொண்டு, கார் து நோரில் தொடருந்து ஏறி, கார்ஜ்-சார்செல் நிலையத்தில் இறங்கும் எம்மவருக்குத் தலைக்கு மேலே செல்லும் விமானங்கள் புதியனவல்ல. கார்ஜ் லே கொனெஸ் நகருக்கு அருகிலேயே லூ பூர்ஜே விமான நிலையம் உள்ளது. 1927ஆம் ஆண்டு மே 21ஆம் திகதி இரவு, நியூயோர்க்கிலிருந்து தனியொருவராய் அத்திலாந்திக் கடலைக் கடந்து வந்த லின்ட்பேர்க் இறங்கிய இடம் அதுவே. ஒற்றை ஆண்டுகளில் யூன் மாதம் அங்கு விமானக் கண்காட்சி நடைபெறும். போர் விமானங்கள் இரைந்தெழும் அந்நாட்களில் எமது தாய்மார் சிலர் கைவேலையை விட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்குவதை நாம் கண்டிருக்கின்றோம். அதற்கான காரணத்தை இப்பத்தியின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அத்தகைய தாயொருவர் அண்மையில் எம்மிடம் ஒரு வினாவை எழுப்பினார். அவரது பதினாறு வயது மகன் விமானப் பராமரிப்புத் தொழிலைக் கற்க விரும்புகின்றான். "எங்கட தலையில குண்டு போட்ட சாமானை என்ர பிள்ளை துடைச்சுக் குடுக்கிறதோ?" என்று கேட்டார் அவர். இவ்வினாவைத் தட்டிக்கழிக்க எமக்கு மனம் வரவில்லை. எனவே அத்தொழிலின் ஒரு சிறு பகுதியை, பழைய சிறு விமானமொன்றின் மின்சாரத்தால் இயங்கும் கால்களைப் பேணும் பணியை, இவ்வாரம் எடுத்துக்கொள்கின்றோம்.

எமது மக்கள் 'சியாமாசெட்டி' என்றழைத்த விமானத்தை நினைவிற் கொள்வோம். இத்தாலியில் உருவாகி 1964இல் முதன்முதலாகப் பறந்த எஸ்.எப்.260 வகையினது அது. பல நாடுகளில் மாணவ விமானிகள் பறக்கப் பழகிய சிறு பயிற்சி விமானம் இவ்வகையே. 1980களின் நடுப்பகுதியில் இலங்கை விமானப்படையிடம் வந்தபோது அதற்குக் குண்டு சுமக்கும் வேலை கொடுக்கப்பட்டது. அதன் கால்களை உள்ளிழுப்பதும் மின்சாரமே. அதே பொறிமுறைதான் ஓரிடத்தில் மாணவனைப் பத்திரமாகத் தரையிறக்கிற்று. வேறோரிடத்தில் எம்மைப் பதுங்கு குழிக்குள் தள்ளிற்று. இயந்திரத்திற்குப் பகையுமில்லை, உறவுமில்லை.

இனி அப்பொறிமுறையைப் பார்ப்போம். 1947இல் விற்பனைக்கு வந்த அமெரிக்க பொனான்சா விமானம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் ஒரேயொரு மின்மோட்டர் பற்சில்லுப் பெட்டியொன்றைச் சுழற்றுகின்றது. அங்கிருந்து செல்லும் தண்டுகள் மூன்று கால்களையும் ஏற்றி இறக்குகின்றன. கால்கள் எல்லையை அடைந்ததும் எல்லை ஆளி என்னும் சிறு கருவி மின்னோட்டத்தைத் துண்டிக்கும். விமானம் தரையில் நிற்கையில் கால்கள் தவறுதலாக மடங்காதிருக்க வேறோர் ஆளி உண்டு. மின்சாரம் அற்றுப்போனால், முன்னிருக்கைகளுக்குப் பின்னாலுள்ள கைப்பிடியை ஏறத்தாழ 50 தடவை சுற்றிக் கால்களை இறக்கலாம். அதற்கு முன்னர் மோட்டருக்கான மின்னிணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். இல்லையேல் மோட்டர் திடீரென இயங்கிக் கைப்பிடியையும் சுழற்றிக் கையை முறித்துவிடக்கூடும்.

இதனைப் பேணும் தொழிலாளி முதலில் விமானத்தை உயர்த்திகளின்மேல் ஏற்றிக் கால்களை அந்தரத்தில் விடுகின்றார். பற்றரி தளர்ந்தால் மோட்டர் மெதுவாகச் சுழன்று பொய்யான அளவைக் காட்டும். ஆதலால் வெளியிலிருந்து சீரான மின்சாரம் கொடுக்கின்றார். கால்களைப் பலமுறை மடக்கி விரித்து, செவியாலும் கண்ணாலும் சோதிக்கின்றார். எல்லை ஆளி கணப்பொழுது பிந்தினாலும் மோட்டர் தடுப்பில் மோதிப் பற்சில்லுகளைச் சிதைத்துவிடும். முந்தினால் கால் உறுதியாகப் பூட்டாது. மோட்டரின் கரித்துண்டுகள் தேய்ந்தனவா, பெட்டியின் கிறீஸ் காய்ந்து கட்டியாயிற்றா, தண்டுகளின் மூட்டுகள் ஆடுகின்றனவா, சேறும் நீரும் தெறிக்கும் இடத்திலுள்ள வயர்களின் உறை வெடித்துள்ளதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கின்றார். அவசரக் கைப்பிடியையும் சுற்றிப் பார்க்கின்றார். இறுதியில் செய்தவற்றைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடுகின்றார். அக்கையொப்பத்தை நம்பியே முகமறியாத ஒருவர் அவ்விமானத்தில் ஏறுகின்றார்.

இதன் கனதியை அயலூரான கொனெஸ் நன்கறியும். 2000ஆம் ஆண்டு யூலை 25ஆம் திகதி, ருவாசியிலிருந்து எழுந்த கொன்கோர்ட் விமானம் அங்குள்ள விடுதியொன்றின்மேல் வீழ்ந்தது. விமானத்திலிருந்த 109 பேரும் விடுதியிலிருந்த நால்வரும் மாண்டனர். சற்றுமுன் புறப்பட்ட வேறொரு விமானத்திலிருந்து கழன்று விழுந்த, ஏறத்தாழ ஒரு முழ நீளமான தித்தானியத் தகடு, கொன்கோர்ட்டின் ரயரைக் கிழித்தது. சிதறிய ரயர்த் துண்டு இறக்கையில் மோத, எரிபொருள் பெருகித் தீப்பற்றியது. கால்களை உள்ளிழுக்க முயன்றும் அவை மடங்கவில்லை. விமானிகள் இறுதியாக நாடியது லூ பூர்ஜே ஓடுபாதையையே. தகடு உரிய முறைப்படி செய்யப்பட்டுப் பொருத்தப்படவில்லை என்பதைப் புலனாய்வாளர் கண்டறிந்தனர். எங்கோ ஒரு தொழிற்கூடத்தில் நேர்ந்த சிறு கவனயீனம், இங்கே 113 உயிர்களின் இழப்பில் ஒரு கண்ணியாயிற்று.

அந்தத் தாயாருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. அம்மா, உங்கள் மகன் கற்க விரும்புவது குண்டுபோடும் தொழிலன்று. ஏறியவரைப் பத்திரமாக இறக்கிவிடும் தொழில். கார்ஜை அடுத்துள்ள பொனெய் ஆன் பிரான்சிலேயே விமானத் தொழில்களுக்கான பயிற்சி நிலையம் உள்ளது. தொழில் பழகுநராகச் சேரும் மாணவர் கற்கும் காலத்திலேயே ஊதியமும் பெறுவர். கணிதத்திலும் பிரெஞ்சிலும் ஊக்கம் வேண்டும். கைநூல்களைப் படிக்க ஆங்கிலமும் உதவும். விமான நிலையத்தின் உட்பகுதியில் பணிபுரியப் பாதுகாப்பு விசாரணையின் பின்னரே அடையாள அட்டை வழங்கப்படும். ஆதலால் வதிவிடப் பத்திரங்களைக் காலாவதியாக விடாமல் ஒழுங்காக வைத்திருத்தல் பெற்றோரின் பங்காகும்.

உங்கள் அச்சத்தை மறந்துவிடுங்கள் என்று நாம் கூறவில்லை; அது நீங்கள் உயிரோடு மீண்டதன் சான்று. ஆயினும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனோடு லூ பூர்ஜே விமான அருங்காட்சியகத்திற்குச் சென்று வாருங்கள். இரைச்சலின்றி, குண்டின்றி, தன் மூன்று கால்களில் அமைதியாக நிற்கும் ஒரு விமானத்தை அருகிருந்து பாருங்கள். அதன் கால்களைக் காட்டி உங்கள் மகன் விளக்கட்டும். அன்று நீங்கள் கேட்கவேண்டியது ஒரு கேள்வி மட்டுமே: "தம்பி, இது பூட்டினது எண்டு எப்பிடித் தெரியும்?"