அருவிக்கு முன்னால் நீங்கள், சரி... மலை எங்கே?

ஜவ்வாது மலைக்குப் போய் வந்த நண்பர் செல்போனை நீட்டினார். முன்னூறு சொச்சம் படங்கள். பீமன் அருவி முன்னால் அவர். கோலப்பன் ஏரிப் படகில் அவர். மலையைத் தேடினேன். தோளுக்குப் பின்னால் கொஞ்சூண்டு தெரிந்தது. நடுவில் ஒரு பாட்டி. 'டிரைபல் சார், செம முகம்ல?' என்றார். பாட்டியிடம் கேட்டு எடுத்தீர்களா என்றேன். பேச்சை மாற்றிவிட்டார்.

அதே மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அங்கே ஒரே வானத்துண்டை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படமெடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நட்சத்திரங்கள் அதே இடத்தில் நிற்க, ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருந்தது. 1988 பிப்ரவரியில் ராஜமோகன் குழு கண்ட அந்தச் சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். சென்னையில் போக்சன் 1885-ல் ஒன்றைக் கண்டுபிடித்த பிறகு, நூறு வருஷம் கழித்து இந்தியாவில் கிடைத்தது அதுதான்.

வானத்துக்குக் காட்டிய பொறுமையை மலையடிவாரத்துக்கு யார் காட்டினோம்? சாமை விளைந்த சரிவு, கூரை வீடு காங்கிரீட் ஆனது, வேலைக்குப் போன பையன்களின் பூட்டிய கதவு... யாராவது மாசம் ஒரு படம் எடுத்து வைத்தார்களா? 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டு 20 பேர் செத்தார்கள். அதில் இந்த மலைப் பக்கத்து ஆட்களும் உண்டு. அப்போது கேமராக்கள் ஏறி வந்தன. சாவு வீட்டை எடுத்தன, இறங்கிவிட்டன. ஊர் ஆள் ஆளாகக் காலியானபோது ஒன்றுகூட வரவில்லை.

'சாட்டிலைட் படம் இருக்கே சார்' என்பீர்கள். அது கூரையைக் காட்டும். உள்ளே அடுப்பு எரிகிறதா என்று காட்டாது. அதை எடுக்க வேண்டியவர் நானோ நீங்களோ இல்லை, அங்கேயே இருக்கிற ஜமுனாமரத்தூர்ப் பள்ளிக்கூடப் பெண். அதே திண்ணை, அதே கோணம், பின்னால் தேதி. கலை, கிலை எதுவும் வேண்டாம்.

நான் மட்டும் யோக்கியமா? என் தெருவில் ஒரு பொதுக் கிணறு இருந்தது. மூடிவிட்டார்கள். கேட்கப் போனால், 'கிணறா? எங்கே இருந்துச்சு? போட்டோ இருக்கா?' என்கிறார்கள். வீட்டு ஆல்பம் முழுக்கத் தேடினேன். எல்லாம் கல்யாணம், காதுகுத்து. ஒன்றில் மட்டும் மாப்பிள்ளை காருக்குப் பின்னால் கைப்பிடிச் சுவர் மாதிரி ஏதோ தெரிகிறது. பாதியை மாலை மறைத்துக்கொண்டிருக்கிறது.