டொமைன் மாறலாம்... பழைய லிங்க் சாகலாமா?

பிரிட்டனின் 'தி கார்டியன்' நாளிதழ் 2013-ல் தன் இணைய முகவரியை மாற்றியது. கார்டியன் டாட் கோ டாட் யூகே என்று இருந்தது, தி கார்டியன் டாட் காம் ஆனது. அதுவரை வெளியான பல வருடச் செய்திகளுக்கு உலகம் முழுக்க எத்தனையோ தளங்கள் லிங்க் கொடுத்திருந்தன. அதெல்லாம் போச்சா? போகவில்லை. பழைய முகவரியில் உள்ள ஒரு செய்தியின் லிங்க்கைத் தட்டினால், அதே செய்தி புதிய முகவரியில் திறக்கிறது. முகப்புப் பக்கத்தில் இறக்கிவிட்டு 'தேடிக்கோ' என்று சொல்வதில்லை.

பெயர் மாற்றும் சின்ன நிறுவனங்கள் கோட்டை விடுவது இங்கேதான். லோகோ, விசிட்டிங் கார்டு, இன்ஸ்டா பயோ எல்லாம் பார்த்துப் பார்த்து மாறும். பழைய டொமைன் விஷயம் மட்டும் கடைசி நாள் ராத்திரி, "அதை அப்படியே புதுசுக்கு ஃபார்வர்ட் பண்ணிடுங்க" என்ற ஒரு வாட்ஸ்அப் மெசேஜோடு முடிந்துவிடும். எந்த மாதிரி ஃபார்வர்ட் என்று யாரும் கேட்பதில்லை. ரெண்டு மாதம் கழித்து, கூகுளில் முதல் பக்கத்தில் வந்துகொண்டிருந்த கடையைக் காணோம் என்றதும்தான் பதற்றம் தொடங்கும்.

301-ஆ, 302-ஆ?

பழைய முகவரியைத் தட்டுபவரிடம் சர்வர் ஓர் எண்ணோடு பதில் சொல்கிறது. 301 என்றால் 'நிரந்தரமாக இடம் மாறிவிட்டோம்'. 302 என்றால் 'தற்காலிகமாக அங்கே இருக்கிறோம், திரும்பி வருவோம்'. வாசகருக்கு ரெண்டும் ஒன்றுதான், பக்கம் திறந்துவிடும். கூகுளுக்கு அப்படி இல்லை. 301-ஐப் பார்த்தால், இனி புதிய முகவரியைத்தான் தேடல் முடிவில் காட்ட வேண்டும் என்பதற்கு வலுவான அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. 302-ஐப் பார்த்தால் பழையதையே பிடித்து வைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். 308-ம் 301 போல நிரந்தரம், 307-ம் 302 போல தற்காலிகம். டொமைனையே மாற்றுகிறவர்களுக்கு 301 போதும்.

'ரீடைரக்ட் செய்தால் ரேங்க் கொஞ்சம் கசிந்துவிடும்' என்ற பயம் இன்னும் சிலருக்கு உண்டு. இந்த வகை ரீடைரக்ட்களால் பேஜ்ரேங்க் இழப்பு இல்லை என்று கூகுளின் கேரி இலியஸ் 2016-லேயே சொல்லிவிட்டார்.

டொமைன் விற்கும் சில நிறுவனங்கள் 'மாஸ்க்கிங்' என்றொரு வசதி தருகின்றன. முகவரிப் பட்டையில் பழைய பெயரே நிற்க, உள்ளே ஒரு சட்டத்துக்குள் புதிய தளம் தெரியும். பார்க்க அழகு. ஆனால் தளம் இடம் மாறியதாக கூகுளுக்கு எந்தத் தகவலும் போகாது. இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

எல்லாத்தையும் முகப்புக்குத் தள்ளினால்?

இருநூறு பக்கம் உள்ள தளத்தை ஒரே வரியில் புதிய முகப்புக்குத் திருப்பிவிடுவது ரொம்ப சுலபம். அடி விழுவதும் அங்கேதான். பட்டுப்புடவையைத் தேடி வந்தவரை வாசலில் நிறுத்தினால் அவர் திரும்பிப் போய்விடுவார். கூகுளும் இதை 'சாஃப்ட் 404', அதாவது பக்கமே இல்லாததற்குச் சமம் என்று கருதலாம். அந்தப் பக்கம் பல வருடமாகச் சேர்த்த மதிப்பு புதிய தளத்துக்கு வந்து சேராது.

பழைய பக்கம் ஒவ்வொன்றுக்கும் புதிய இணை எது என்று ஒரு ஷீட் போட்டாக வேண்டும். அலுப்பான வேலைதான், குறுக்குவழி இல்லை. முகவரியின் பின்பாதியை மாற்றாமல் டொமைனை மட்டும் மாற்றினால் வேலை பாதியாகக் குறையும். டிசைன் மாற்றத்தையும் டொமைன் மாற்றத்தையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாமல் இருப்பதும் புத்திசாலித்தனம். ரேங்க் சரிந்தால் எது காரணம் என்றாவது தெரியும். புதிய தளத்தில் ஈடே இல்லாத பக்கமா? 404 காட்டட்டும், தப்பில்லை.

ஏற்கெனவே ஒருமுறை பெயர் மாற்றியவர்கள் கவனிக்க: முதல் டொமைனிலிருந்து ரெண்டாவதுக்கு, அங்கிருந்து மூன்றாவதுக்கு என்று சங்கிலி போடாமல், முதலாவதை நேரடியாகப் புதியதுக்கே திருப்புங்கள். பழைய டொமைனின் எச்டிடிபிஎஸ் சான்றிதழும் உயிரோடு இருக்க வேண்டும். அது காலாவதியானால், ரீடைரக்ட் நடப்பதற்கு முன்பே 'இந்தத் தளம் பாதுகாப்பற்றது' என்று பிரவுசர் மிரட்டும்.

இது முடிந்ததும், சர்ச் கன்சோலில் உள்ள 'முகவரி மாற்றம்' கருவியில் கூகுளுக்குத் தகவல் சொல்லிவிடலாம். அதற்கு ரெண்டு டொமைனும் உங்களுடையவை என்று நிரூபித்திருக்க வேண்டும். நடுத்தர அளவுத் தளம் என்றாலே பெரும்பாலான பக்கங்கள் இடம் மாற சில வாரங்கள் ஆகும். அதுவரை ரேங்க் ஏறி இறங்கும். பயந்துபோய் நடுவில் செட்டிங்கை மாற்றினால் குழப்பம் கூடும்.

எத்தனை நாள் வைத்திருப்பது?

ரீடைரக்ட் குறைந்தது ஒரு வருடமாவது இருக்கட்டும், முடிந்தால் அதற்கும் மேலே என்கிறது கூகுள். ஆனால் ஒரு வருடம் முடிந்ததும் பழைய டொமைனைக் கைவிடுவது தப்பான சிக்கனம். புதுப்பிக்காத டொமைனை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். முன்பு பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமாக இருந்த முகவரியில் சூதாட்ட விஷயங்களைப் போட்டுப் பழைய மதிப்பில் குளிர்காய்கிறவர்கள் உண்டு. 2024 மார்ச்சில் கூகுள் இதைத் தன் ஸ்பேம் விதிகளில் சேர்த்தபோது, இதே பள்ளிக்கூட உதாரணத்தைக் கொடுத்திருந்தது.

அதைவிட ஆபத்து மின்னஞ்சலில் இருக்கிறது. டொமைனை வாங்கியவர் அதில் மெயில் பெட்டியும் திறக்கலாம். பழைய அலுவலக மெயிலில் பதிவு செய்த கணக்கு ஏதாவது மாற்றப்படாமல் இருந்தால், அதன் பாஸ்வேர்டு ரீசெட் லிங்க் அவருக்குத்தான் போகும்.

ஆட்டோ ரினியூவல் போட்டிருந்தாலும் ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் கொடுத்த கார்டு போன வருடமே காலாவதியாகியிருக்கலாம். நினைவூட்டும் மெயில், எப்போதோ வேலையை விட்டுப்போனவரின் இன்பாக்ஸுக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.