அளவுக்கு மீறி அழகான கணக்கு

வாந்தியைப் பற்றியெல்லாமா எழுதுவது என்று முகம் சுளிக்க வேண்டாம். இந்தப் பக்கத்தைப் படிக்கும் என் வயதுக்காரர்களில் பலர் ஹெர்னியா, பித்தப்பை, முழங்கால் என்று ஏதோ ஒன்றுக்காக மயக்க மருந்து வாங்கியவர்கள். கண் விழித்ததும் முதலில் வந்து நிற்பது சில சமயம் வலியல்ல, குமட்டல். தடுப்பு மருந்து தராவிட்டால் பத்தில் மூன்று பேருக்கு இது வரும். பெண்கள், புகை பிடிக்காதவர்கள், பஸ் பயணத்தில் வாந்தி எடுப்பவர்கள், ஆபரேஷனுக்குப் பின் மார்ஃபின் வகை வலி மருந்து பெறுபவர்கள், இந்த நான்கும் ஒருவரிடம் சேர்ந்தால் பத்துக்கு எட்டு. என் மனைவிக்கு முதல் மூன்றும் பொருந்தும். பித்தப்பை ஆபரேஷன் ஆன இரவு, தையல் போட்ட வயிற்றைத் தலையணையால் அழுத்திக்கொண்டு, "வலியைக்கூடப் பொறுத்துக்கலாங்க, இதத்தான் முடியல" என்றாள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். குமட்டலுக்கு பிரெஞ்சில் 'நோசே' என்பார்கள். கப்பல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கடலில் போனவனுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். கரையில் நிற்பவனுக்கு அது சிரிப்பு. மருத்துவ ஆராய்ச்சியிலும் இது நீண்ட காலம் சிரிப்புக்குரிய சின்ன விஷயமாகத்தான் இருந்தது போலும். அதனால்தான் கீழே சொல்லப்போகும் கதை நடந்தது.

ஜப்பானில் யோஷிடாகா ஃபுஜி என்று ஒரு மயக்க மருந்து நிபுணர். ஆபரேஷனுக்குப் பின் வரும் வாந்தியைத் தடுக்கும் மருந்துகள், முக்கியமாக கிரானிசெட்ரான், அவருடைய துறை. கட்டுரை மேல் கட்டுரையாக எழுதித் தள்ளினார். 2000ஆம் ஆண்டு ஜெர்மனியைச் சேர்ந்த கிராங்கே, அப்ஃபெல், ரோவர் என்ற மூவர் ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். இவருடைய கணக்குகள் நம்ப முடியாத அளவுக்கு அழகாக இருக்கின்றன என்பதுதான் சாரம். தலைவலி இந்த மருந்துகளின் பக்கவிளைவு. ஒவ்வொரு பரிசோதனையிலும் இரண்டு, மூன்று குழுக்கள். எந்தக் குழுவைப் பார்த்தாலும் தலைவலி வந்தவர்களின் எண்ணிக்கை ஒன்றேபோல. ஒரு கட்டுரையில் அப்படி இருந்தால் தற்செயல். கட்டுரைக்குக் கட்டுரை அப்படியே இருந்தால்?

இதைப் படித்தபோது எனக்கு மஸ்டர் ரோல் ஞாபகம் வந்தது. தினக்கூலிகளின் வருகைப் பதிவேட்டைச் சரிபார்ப்பது சில வருடங்கள் என் வேலை. ஒரு பிரிவிலிருந்து வரும் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது. கார்த்திகை மாதம், புயல் அடித்த வாரம், அப்போதும் நாற்பது பேரும் ஆஜர். நிஜமான நாற்பது பேரில் ஒருவனுக்குக் காய்ச்சல் வரும், ஒருவன் மாமியார் வீட்டுக்குப் போவான். குறிப்பெழுதி மேலே அனுப்பினேன். மேலதிகாரி, பதிவேட்டை எழுதியவரிடமே விளக்கம் கேட்டார். விளக்கம் வந்தது. "ஏற்கப்பட்டது" என்று கோப்பை முடித்தார்கள்.

ஜெர்மானியர்களின் கடிதத்துக்கும் அதேதான் நடந்தது. சம்பந்தப்பட்டவரிடமே பதில் வாங்கி, இரண்டையும் அச்சிட்டு விட்டுவிட்டார்கள். அவரும் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். ஒரு மாமாங்கம் ஓடியது.

2012இல்தான் கதவு திறந்தது. இங்கிலாந்தில் ஜான் கார்லைல் என்ற மருத்துவர், ஏற்கெனவே 737 ஆய்வுகளைத் தொகுத்து வாந்தித் தடுப்பு மருந்துகளை ஒப்பிட்டவர், ஃபுஜியின் 168 பரிசோதனைகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நோயாளிகளின் வயது, உயரம், எடை போன்ற சாதாரண எண்கள்தான். ஒரு நாணயத்தைப் பத்துப் பத்து முறையாகச் சுண்டிக்கொண்டே போனால், எப்போதும் ஐந்து தலை ஐந்து பூ என்று விழாது. குலுக்கிப் பிரித்த மனிதர்களும் அப்படித்தான், குழுவுக்குக் குழு கொஞ்சம் ஏற இறங்க இருக்க வேண்டும். இவருடைய எண்களில் இயற்கையான அந்த ஏற்ற இறக்கம் இல்லை. பிறகு ஜப்பானிய மயக்கவியல் சங்கம் 212 கட்டுரைகளை விசாரித்து, 172இல் தகவல்கள் புனையப்பட்டவை என்றது. அவற்றில் 126 முழுக்க முழுக்கக் கற்பனை. மேஜை முன் அமர்ந்து நாவல் எழுதியதுபோல என்று விசாரணைக் குழுவே சொன்னது.

யாரும் சாகவில்லையே, இதில் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. டாக்டர் ஒவ்வொரு கட்டுரையையும் படிப்பதில்லை. பல ஆய்வுகளைக் கூட்டிப் போட்ட தொகுப்பைப் பார்த்துத்தான் மருந்தும் அளவும் முடிவு செய்கிறார். கூட்டலில் பொய்ப் பற்று நுழைந்தால் விடையும் பொய். அந்தப் பொய்யின் பலனை அனுபவிப்பது, தையலைப் பிடித்துக்கொண்டு ஓங்கரிப்பவர். உயிர் போகாத துன்பம் என்பதால் யாரும் தணிக்கை செய்யவில்லை. தணிக்கை இல்லாத இடம் என்பதால்தான் பொய் அங்கே வளர்ந்தது என்பது என் எண்ணம்.

அதற்காக மருந்துகளையே சந்தேகிக்க வேண்டாம். 2004இல் வெளியான, 5,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட பெரிய ஆய்வு ஒன்று ஒன்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன், டிரோபெரிடால் ஒவ்வொன்றும் ஆபத்தைச் சுமார் கால் பங்கு குறைக்கும் என்றது. கால் பங்குதான், மாயம் இல்லை. எங்கள் பிரெஞ்சு வாத்தியார் சொல்வார்: 'த்ரோ போ பூர் எத்ர் வ்ரே'. உண்மையாய் இருக்க முடியாத அளவுக்கு அழகு என்று அர்த்தம். உண்மைக்குக் கொஞ்சம் அழுக்குச் சட்டைதான்.

குமாஸ்தா மூளையில் தோன்றும் யோசனைகள் இரண்டு. ஒன்று, கட்டுரையோடு நோயாளிவாரியான மூலப் பதிவேடும் இதழுக்கு வர வேண்டும். வவுச்சர் இல்லாமல் பில் பாஸ் செய்யக் கூடாது. இரண்டு, புகார் வந்தால் புகாருக்கு ஆளானவரின் பதிலோடு கோப்பை மூடாமல் மூன்றாமவர் ஒருவர் பார்க்க வேண்டும். இதைத் திறமையான டாக்டர்கள்மேல் அவநம்பிக்கை என்று நினைக்கக் கூடாது. நேர்மையாகக் கணக்கு எழுதுபவனுக்குத் தணிக்கையால் பயமில்லை.

நண்பர்களே, உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ ஆபரேஷன் என்றால், பயணத்தில் வாந்தி வரும் பழக்கமும், போன ஆபரேஷனில் வந்த குமட்டலும் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும். சின்ன விஷயம் என்று விழுங்கிவிடாதீர்கள்.