ஆள் கணக்கு

பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணிப் பழகிய வாசகர்களே, வியட்நாம் போரில் அமெரிக்கர்கள் வாதாடியதும் ஆள் கணக்கைத்தான். 1968இல் தளபதி வெஸ்ட்மோர்லண்ட் இன்னும் 206,000 பேர் கேட்டார். அதிபர் ஜான்சன் இணங்கவில்லை. 1969 ஏப்ரலில் அங்கே 543,000க்கு மேல் அமெரிக்கச் சிப்பாய்கள். ஜூனில், முதல் தவணையாக 25,000 பேரைத் திருப்பி அழைப்பதாக நிக்சன் அறிவித்தார். கடைசிப் படை கிளம்பியதோ 1973 மார்ச்சில்!

உடனே விலகினால் தென்வியட்நாம் விழுந்துவிடும் என்றார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் நிக்சன் பதவிக்கு வந்தபின் மட்டும் 20,000க்கு மேற்பட்ட அமெரிக்கப் பிள்ளைகள் மாண்டார்கள். கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர்க்கப்பட்டவர்களும் அதில் உண்டு. வியட்நாமியத் தாய்மார் பறிகொடுத்தது அதற்குப் பன்மடங்கு. திரும்புவதென்று முடிவான பிறகு செத்த மகனுக்கு என்ன காரணம் சொல்வது? இத்தனை தாமதித்தும், 1975 ஏப்ரல் 30இல் சைகோன் விழத்தான் செய்தது.